பருவுக்கு வந்த பரிமளம்

நான் ஓய்வு பெற்ற பிறகும் கிளினிக்கின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. நீக்கினால் நேரில் வந்து விடுவேன் என்ற பயமாக இருக்கலாம். போன வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. பளபளவென்று முகம் வைத்திருந்த ஒரு பெண், "பருவுக்குக் காரணம் உங்கள் முகத்தில் இல்லை, குடலில் ஒளிந்திருக்கிறது" என்று பயமுறுத்தலாக ஆரம்பித்து, கடைசியில் ஒரு பச்சைத் தூளை விற்றாள். அதற்குக் கீழே இப்போது வேலை செய்யும் சின்னப் பெண்கள் வரிசையாகக் கேட்டிருந்தார்கள். "அக்கா, இது உண்மையா லா? ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் எதையும் சொல்லக்கூடியவளாக நான் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் இவ்வளவு சீக்கிரம் காது கேட்காதவர்போல் நடிக்கப் பழகியிருக்க மாட்டார். அதனால் எழுதியே விடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் நர்சுகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தனலெட்சுமி மிஸ்ஸி. ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வீட்டில் பிறந்தேன். எஸ்டேட் மருந்தகத்தில் டிரெசர் என்று ஒருவர் இருப்பார். டாக்டர் இல்லாத இடத்தில் அவர்தான் டாக்டர். எங்கள் டிரெசர் ஐயாவிடம்தான் முதலில் காயம் கழுவக் கற்றேன். அவர் எந்த நோய்க்கும் முதலில் பேதி மருந்துதான் கொடுப்பார். "பாதி நோய் அதுலயே போயிடும். மீதிப் பாதி, இன்னொரு தடவை இங்க வரணுமேங்கிற பயத்துல போயிடும்" என்பார். பிறகு செரம்பானில் பயிற்சி, பரீட்சை, வெள்ளை உடுப்பு. அதற்குள் எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். பாதிப் பேர் டவுனுக்குப் போய்விட்டார்கள், மருந்தகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். நான் ரெம்பாவ் டவுனில் டாக்டர் நவமணியின் கிளினிக்கில் சேர்ந்தேன்.

டாக்டர் நவமணி சிலோன் தமிழர், கிறிஸ்தவர். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாக வந்தவர். விடியற்காலையில் எங்கள் தாத்தாக்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட வம்சம். பேத்தியும் நோயாளிகளை அதே குரலில்தான் கூப்பிடுவார். பேர் விழுந்ததும் வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து நின்று விடுவார்.

நான் சேர்ந்த முதல் நாள், "தனலெட்சுமி, நீர்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீர் என்றால் உம்மைத்தான் சொல்கிறேன்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு ஒரு பழக்கம். நோயாளி காட்டுகிற இடத்தை முதலில் பார்க்கவே மாட்டார். கையை முழங்கை வரை கழுவி, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்று ஆளைப் பார்ப்பார். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். நகத்தை அமுக்கி விடுவார். நாக்கை நீட்டச் சொல்வார். கால் வலி என்று வந்தவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பார், இவர் அவருடைய நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு வரும் அந்தக் கேள்வி: "மலம் என்ன நிறம்?"

அவருடைய தமிழ் எங்கள் ஆட்களுக்குப் பாதிதான் விளங்கும். நான்தான் மொழிபெயர்ப்பேன். "வெளிக்கிப் போறது என்ன கலருன்னு கேக்குறாங்க." எஸ்டேட்டில் பெரிய மீசை வைத்த ஆண்கள்கூட இந்த இடத்தில் கூரையைப் பார்ப்பார்கள்.

ஒரு மண்டோர் வந்தார். வேலையாட்களை மேய்க்கிற மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கும் கன்னமும் சிவந்து, மூக்கின்மேல் பரு மாதிரி சிறு சிறு கொப்புளங்கள். சொட்டுச் சாராயம் தொடாத மனிதர், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர். ஆனால் மூக்கைப் பார்த்து ஊரே அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டியிருந்தது. பெண்ணுக்கு வந்த சம்பந்தம்கூட அந்த மூக்கினால் தள்ளிப் போயிருந்தது.

"எனக்கு மருந்து வேணாம் டாக்டரம்மா. நான் குடிக்கிறதில்லன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க, போதும்."

"மூக்கைப் பார்த்துக் குடிகாரன் என்று சொன்னது அவர்களின் பிழை. மூக்கைப் பார்த்துக் குடிக்காதவர் என்று நான் எழுதினால் அது என் பிழை. மூக்குக்கு மருந்து தாறன், போடுங்கோ."

மருந்து வேலை செய்தது, சிவப்புத் தணிந்தது, சம்பந்தமும் திரும்ப வந்தது. கல்யாணத்தன்று மண்டோர் சந்தோஷத்தில் முதல்முறையாகக் குடித்துவிட்டார் என்று கேள்வி. டாக்டரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இனிப் பரிமளத்துக்கு வருகிறேன்.

பரிமளம் எங்கள் எஸ்டேட் பெண்தான். அப்போது முப்பதைத் தாண்டியிருந்தாள். கணவர் முனியாண்டி லோரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பரிமளம் பாசார் பாசாராகப் போய் முகத்துக்குப் பூசும் கிரீம் விற்றாள். ரெம்பாவ், கோலா கிளாவாங், பாரோய் என்று எங்கே சந்தை போட்டாலும் அவளுடைய மைக் சத்தம் கேட்கும். கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, தமிழும் மலாயும் கலந்து அவள் பேசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் நிற்கும். கருவாடு வாங்கப் போன நானே ஒருமுறை கிரீம் டப்பாவோடு திரும்பி வந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரை முகக்கவசம், தலையில் துண்டு என்று ஓர் உருவம் கிளினிக்குக்குள் நுழைந்து என் காதருகில் குனிந்தது.

"மிஸ்ஸி, நான் பரிமளம். யாரு கேட்டாலும் காய்ச்சலுக்கு வந்தேன்னு சொல்லிடுங்க லா."

உள்ளே போய்க் கண்ணாடியையும் கவசத்தையும் கழற்றினாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கன்னம், தாடை, நெற்றி எங்கும் பரு. சிலது சீழ் பிடித்து, சிலது உடைந்து காய்ந்து கறுத்து. வயசுப் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு வந்து நான் பார்த்ததில்லை.

"கிரீம் விக்கிறவ மூஞ்சியே இப்படி இருந்தா எவ வாங்குவா டாக்டர்? இப்பவே வெளக்கு வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்னுதான் வியாபாரம் பண்றேன். ஒரு நல்ல ஊசியா போட்டு விடுங்க."

டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ் இமையை இழுத்தார். பிறகு நகத்தை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் இமையை இழுத்தார். இரண்டாவது முறை பார்க்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"களைப்பு இருக்குதோ?"

"பாசார்ல மணிக்கணக்கா நிக்கிறேன், களைப்பு இல்லாம இருக்குமா?"

"வயிற்றில் நோவு?"

"அது காத்து டாக்டர். வெறும் வயித்துல இருந்தா எரியும், ரெண்டு பிஸ்கட் போட்டா அடங்கிடும். வயித்த விடுங்க, மூஞ்சியப் பாருங்க."

"ஏதும் மாத்திரை போடுறனீங்களோ?"

கால் வலி, முதுகு வலிக்காகச் சாமான் கடையில் வாங்கும் வலி மாத்திரை. தினம். பல சமயம் பசியாறாமலே கோப்பியோடு விழுங்கிவிடுவாளாம். டாக்டர் என் பக்கம் திரும்பாமலே அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

பரிமளம் எழுந்தே நின்றுவிட்டாள். "என்னா மிஸ்ஸி இது! மூஞ்சிக்கு மருந்து கேட்டு வந்தா கக்கூஸ் கலரக் கேக்குறாங்க!"

"சொல்லும்மா. பாசார்ல மைக் புடிச்சுப் பேசுறவளுக்கு இதுல என்ன வெக்கம்?"

"கறுப்பு" என்றாள் சுவரைப் பார்த்து. "தாரு மாதிரி. கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

"இரும்புச் சத்து மாத்திரை எடுக்கிறீங்களோ?" இது முக்கியமான கேள்வி. இரும்பு மாத்திரை போட்டாலும் கறுப்பாகத்தான் போகும். பரிமளம் இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கட வயிற்றுக்குள்ளே எங்கேயோ இரத்தம் கசியுது, பிள்ளை. இன்றைக்கே செரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். குழாய் விட்டுப் பார்க்க வேணும்."

"இன்னிக்கு ரெம்பாவ் பாசார் டாக்டர்!"

"பாசார் அடுத்த கிழமையும் வரும்."

பரிமளம் அசையவில்லை. முகத்துக்கு மருந்து கொடுத்தால்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் விளக்க விளக்க அவள் பிடிவாதம் ஏறியது. நான் பார்த்தேன். டாக்டர் பொய் சொல்ல மாட்டார். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

"பரிமளம்," என்று காதில் சொன்னேன், "மூஞ்சிக்கு மருந்தும் அந்தக் குழாய் விடுற எடத்துலதான் இருக்கு. இங்க ஸ்டாக் இல்ல."

துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, டாக்டரின் காரில் எனக்கும் முன்னால் ஏறியவள் அவள்தான். அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு அந்தப் பொய் உண்மையாகி விட்டதோ என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

செரம்பானில் குழாய் விடும் அறையில் என்னோடு பயிற்சி எடுத்த தோழி இருந்தாள். ஓரமாக நிற்க விட்டாள். பரிமளத்தை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தொண்டை மரத்துப்போகக் கசப்பு மருந்து அடித்தார்கள். பல்லுக்கு இடையில் கடித்துக்கொள்ள ஒரு வளையம். விரல் பருமனுள்ள கறுப்புக் குழாய், நுனியில் விளக்கும் கண்ணும். அது உள்ளே இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். ஊரையே பேச்சால் நிறுத்தி வைப்பவள், முதல்முறையாகப் பேச முடியாமல் கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக வயிற்றின் உட்சுவர் தெரிந்தது. குழாய் வளைந்து திரும்பிய இடத்தில் ஒரு குழி. அடியில் வெள்ளை, நடுவில் கறுப்பாக உறைந்த ஒரு பொட்டு. அங்கிருந்துதான் கசிவு. புண்ணுக்கு உள்ளேயே மருந்து செலுத்தி அடைத்தார்கள். பிறகு குழாய் வழியாகவே ஒரு குட்டி இடுக்கியை விட்டுச் சுவரில் கடுகளவு கிள்ளி எடுத்து, மஞ்சளாக இருந்த ஒரு கூழில் வைத்தார்கள். புண்ணை உண்டாக்கும் கிருமி இருந்தால் அது நிறம் மாறும். நான் பரிமளத்தின் வாயைத் துடைத்து நிமிர்வதற்குள் அதன் விளிம்பு ரோஸ் நிறமாகிவிட்டது. வயிற்று அமிலத்தில்கூடச் சாகாமல் குடியிருக்கும் கிருமி. அதோடு வலி மாத்திரையும் சேர்ந்து குழி தோண்டியிருந்தது.

வார்டில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மை, பவுடர் எதுவும் இல்லாமல், பருவோடு, வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள் பரிமளம். முனியாண்டி லோரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்து கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வராம இருந்திருந்தா செத்துருப்பேனா மிஸ்ஸி?"

"பாசார்ல மயங்கி விழுந்திருப்ப" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முனியாண்டி செருப்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் நவமணி வார்டுக்கு வந்தார். அதற்குள் பரிமளத்துக்குப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

"டாக்டர், வயித்துல இருந்த அந்தக் கிருமிதான் என் மூஞ்சியில பருவா வந்துச்சா?"

"தெரியாது" என்றார் டாக்டர்.

"நீங்க டாக்டர்தானே?"

"ஓம். சில ஆராய்ச்சிக்காரர் தொடர்பு இருக்கலாம் என்கினம். சிலர் இல்லை என்கினம். முகம் சிவந்து கொப்புளிக்கிற இன்னொரு நோயோடு சம்பந்தப்படுத்தித்தான் அதிகம் பேசியிருக்கினம். அதுவும் முடிவாகவில்லை. உங்களுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கிருமியைக் கொல்லுறது வயிற்றுக்காக. முகம் நல்லா வந்தால் சந்தோஷம்."

இவ்வளவு நீளமான வாக்கியத்தில் பரிமளத்தின் காதில் விழுந்தது 'இருக்கலாம்' மட்டும்தான். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் அன்று மாலையே, "என் பருவுக்குக் காரணம் வயித்துக் கிருமிதான். டாக்டரே சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிருமியைக் கொல்ல ஒன்றோடு ஒன்றாகப் பல மாத்திரைகள் கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, தலைசுற்றல். பலர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். பரிமளம் நிறுத்தவில்லை. ஆனால் டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் அவளுக்குக் கசந்தது.

"நீங்கள் விற்கிற கிரீம் ஒரு டப்பா கொண்டு வாருங்கோ."

கொண்டுவந்தாள். மூடியில் பூப் படம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்தும் இல்லை. எங்கிருந்தோ ஒரு ஆள் மொத்தமாகக் கொண்டுவந்து தருவாராம். பருவை மறைக்க அவளே அதை இரட்டைப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள்.

"இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்படுறன். முதலில் முகம் பளபளக்கும். பிறகு இதுவே பருவைக் கொண்டுவரும். பூசுறதை நிறுத்த வேணும்."

"நிறுத்திட்டா?"

"முதலில் இன்னும் மோசமாகும்."

"அப்புறம்?"

"அதற்குப் பிறகு பார்ப்பம்."

நிறுத்தினாள். டாக்டர் சொன்னது போலவே முகம் தகதகவென்று எரிந்து, சிவந்து வீங்கி, பரு இரட்டிப்பானது. ஒரு மத்தியானம் கிளினிக்குக்கு வந்து கவசத்தைக் கழற்றி என் மேசையில் அடித்தாள்.

"பாருங்க மிஸ்ஸி! வந்தப்ப இருந்ததவிட மோசம்! புள்ளைங்க பாத்துப் பயந்து ஓடுது!"

டாக்டர் உள்ளிருந்து வந்தார். நான் அவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பருவுக்கான களிம்பு ஒன்றை எடுத்து, சுத்தமான பஞ்சால் அவள் கன்னத்தில் தானே பூசி விட்டார். பரிமளம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பூசி முடித்ததும், "உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்குது. இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்றார்.

பரிமளம் அந்த வாரமே கிரீம் கொடுத்த ஆளைக் கூப்பிட்டாள், அதில் என்னதான் போடுகிறாய் என்று கேட்க. அவன் போனை எடுக்கவில்லை, பிறகு நம்பரே இல்லாமல் போயிற்று. மீதமிருந்த டப்பாக்களை முனியாண்டியை விட்டுக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். புதைத்த இடத்தில் புல் அழகாக முளைத்திருக்கிறது என்று பிறகு அவர் ரகசியமாக என்னிடம் சொன்னார்.

மருந்தெல்லாம் முடிந்து சில வாரம் விட்டு, கிருமி செத்ததா என்று பார்க்க ஊதிப் பார்க்கும் சோதனை. இது எங்கள் கிளினிக்கிலேயே உண்டு. பசியாறாமல் வர வேண்டும். முதலில் ஒரு பையில் மூச்சை ஊத வேண்டும். பிறகு புளிப்பாக ஒரு பானம் குடிக்க வேண்டும். கிருமி உயிரோடு இருந்தால் அந்தப் பானத்தை உடைக்கும். உடைத்ததன் அடையாளம் மூச்சில் வரும். கொஞ்ச நேரம் காத்திருந்து இரண்டாவது பையில் ஊத வேண்டும். இரண்டு பையும் லேபுக்குப் போகும். இதில் ஒன்றே ஒன்றுதான் கஷ்டம். மூச்சை உள்ளே இழுத்து, சற்று நிறுத்தி, பிறகுதான் ஊத வேண்டும்.

பரிமளத்தால் நிறுத்த முடியவில்லை. இழுப்பாள், "மிஸ்ஸி, இந்தப் பை ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்பாள், மூச்சு போய்விடும். மறுபடி இழுப்பாள், "அந்தக் கிருமி இப்ப கேட்டுக்கிட்டு இருக்குமா?" கடைசியில் அவள் மூக்கைப் பிடித்து, என் கண்ணால் மிரட்டி ஊத வைத்தேன்.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மெல்ல மெல்ல, மாதக்கணக்கில், முகமும் தெளிந்தது. தழும்பு இருந்தது, ஆனால் பரு இல்லை. இரத்தம் ஏறியதால் ஒரு நிறமும் வந்தது. கிரீம் வியாபாரத்தை விட்டு வளையல், தலை கிளிப், பொட்டு விற்க ஆரம்பித்தாள். வெளிச்சத்தைப் பார்த்து நின்று விற்றாள்.

எது குணமாக்கியது? நான் டாக்டரிடம் கேட்டேன். "கிருமி போனது. கிருமிக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றின் உறவுக்கார மருந்தைப் பருவுக்கும் கொடுக்கிறது உண்டு. களிம்பு போட்டோம். அந்தக் கிரீமை விட்டாள். நேரத்துக்குச் சாப்பிடுறாள். எல்லாம் ஒன்றாக நடந்தது, தனலெட்சுமி. இதில் எது என்று நான் எப்படிச் சொல்ல?" என்றார். முனியாண்டி, தான் ரெம்பாவ் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார்.

பரிமளத்துக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை நான் கிளினிக்கைத் திறக்கப் போனபோது வாசல் முழுக்க மோட்டார் சைக்கிள். எஸ்டேட் பையன்களும் பெண்பிள்ளைகளும், சுற்றியுள்ள கம்பங்களிலிருந்து, அதாவது கிராமங்களிலிருந்து, மலாய்ப் பிள்ளைகளும் கூட. எல்லார் முகத்திலும் பரு. எல்லாரும் வாடிப்போய் நின்றார்கள்.

"என்னப்பா, என்ன நடந்துச்சு?"

"ஊத வந்தோம் மிஸ்ஸி. யாரும் பசியாறல."

ஒருவன் பசி மயக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டரின் கார் வந்து நின்றது. இறங்கினார், பார்த்தார், உள்ளே போய்க் கை கழுவினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லாரிடமும் வயிறு எப்படி என்று கேட்டார். "கல்லக் குடுத்தாலும் செரிக்கும் டாக்டர்" என்றான் ஒருவன், நெஞ்சை நிமிர்த்தி. கிள்ளாதே, மென்மையான சோப்புப் போட்டுக் கழுவு, வயசுக்கு வருவதுதான், என்று சொல்லி, மோசமாக இருந்தவர்களுக்குக் களிம்பு கொடுத்தார். ஒருவரையும் ஊத விடவில்லை. பிள்ளைகள் பெரிய ஏமாற்றத்தோடு எதிர்க் கடையில் ரொட்டி சானாய் தின்னப் போனார்கள்.

"இதை ஆரம்பித்தது யார்?" என்றார் டாக்டர்.

நான் பேர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இன்றைக்கு அவள் எங்கே கடை போடுறாள்?"

அன்று சாயங்காலம் ரெம்பாவ் பாசாருக்கு டாக்டரும் நானும் போனோம். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாத்தே இறைச்சி சுடும் புகைக்கும் கரும்புச் சாற்று மெஷினுக்கும் நடுவில் டாக்டர் நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தூரத்திலேயே குரல் கேட்டது.

"மூஞ்சிக்கு ஆயிரம் பூசினேன்! குத்தம் வயித்துல இருந்துச்சு! போங்க, டாக்டரம்மாகிட்ட போயி ஒரு ஊது ஊதுங்க, வளையல இங்க வந்து வாங்குங்க!"

எங்களைப் பார்த்ததும் அவள் பதறவில்லை. "இந்தா, டாக்டரம்மாவே வந்துட்டாங்க லா!" என்று கையைத் தட்டினாள். கூட்டமும் தட்டியது. மைக்கைக் கொண்டுவந்து டாக்டர் கையில் திணித்தாள். டாக்டர் அதைத் தெர்மாமீட்டரைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்தார்.

"வயிற்றுக் கிருமிக்கும் முகப் பருவுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்கப்படவில்லை."

கூட்டம் விழித்தது. பரிமளம் மைக்கின் பக்கம் குனிந்தாள். "அது இன்னும் சரியாத் தெரியலன்னு சொல்றாங்க!"

"பரு உள்ள எல்லாரும் சோதனை செய்யத் தேவையில்லை."

"பரு இருக்குன்னு எல்லாம் ஊதப் போவாதீங்க, பசியாறிட்டு வீட்டுல இருங்க!"

"பரிமளத்துக்கு எதனால் குணமானது என்று எனக்குத் தெரியாது."

பரிமளம் ஒரு கணம் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு எதுல கொணமாச்சுன்னு டாக்டருக்கும் தெரியாதாம்," என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "எனக்கும் தெரியாது."

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப என்னா டாக்டரு?" என்று கத்தினான். "டேய், ஒனக்கு வயித்துல ஓட்ட விழட்டும், அப்ப வந்து கேளு!" என்றாள் பரிமளம். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் காத்திருந்து தொடர்ந்தார்.

"எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடிக்கடி வயிற்று நோவு, காரணமில்லாத களைப்பு, கறுப்பு மலம். இப்படி இருந்தால் வாருங்கோ. வெறும் வயிற்றில் வலி மாத்திரை விழுங்காதேங்கோ."

இதை மொழிபெயர்க்கும்போது பரிமளம் துளி வெட்கப்படவில்லை. நிறத்தைத் தமிழிலும் மலாயிலும் ஒலிபெருக்கியில் சொன்னாள். சாத்தே கடைக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டார்.

கூட்டம் கலைந்தபோது, எதிர் வரிசையில் வறுத்த கடலை விற்கும் காதர் பாய் மெதுவாக வந்தார். வயதானவர், இடுப்பில் துண்டு, கையில் வறுக்கும் கரண்டி.

"டாக்டரம்மா, எனக்கு மூஞ்சியில ஒண்ணும் இல்ல. வயிறு மட்டும்தான். நீங்க சொன்ன கலருதான். மூஞ்சி சுத்தமா இருக்கிறவனையும் பாப்பீங்களா?"

டாக்டர் மைக்கைப் பரிமளத்திடம் திருப்பிக் கொடுத்தார். அங்கேயே, பாசார் விளக்குக்குக் கீழே, பாயின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"தனலெட்சுமி, டிரைவரிடம் காரை இங்கே கொண்டு வரச் சொல்லும்."

"கடைய யாரு பாத்துக்குவா?" என்று பாய் பின்வாங்கினார். "இப்பதான் ஒரு மூட்ட வறுத்தேன்."

"நீங்க போங்க பாய்," என்றாள் பரிமளம். அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நானும் இப்படித்தான் பாசார் பாசார்னு கெடந்தேன். போங்க. கடலைய நான் பாத்துக்கறேன்."

காரில் போகும்போது பின்னால் அவள் மைக் மறுபடி உயிர் பெறும் சத்தம் கேட்டது. காதர் பாய்க்கும் செரம்பானில் புண்ணை அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார், இன்னும் கடை போடுகிறார். அவருடைய கடலை அன்று ஒன்று மிச்சமில்லாமல் விற்றுப் போயிருந்தது. என்ன சொல்லி விற்றாள் என்று நானும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.